பிரஷர் டிரான்ஸ்மிட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆலைகளில் அழுத்தம், திரவ மட்டம், பாய்வு ஆகிய மூன்றையும் அளக்க உதவும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் குறித்து வந்த கேள்விகள் இவை. டிரான்ஸ்மிட்டரில் எந்த மதிப்பையும் மாற்றுவதற்கு முன், பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை என்பதால், மூன்றாவது கேள்விக்கான பதில் மட்டும் சற்று நீண்டிருக்கிறது.

கேள்வி: டிரான்ஸ்மிட்டருக்குள் அழுத்தம் எவ்வாறு மின்னோட்டமாக மாறுகிறது? வெளியீடு பூஜ்யத்தில் தொடங்காமல் 4 மில்லி ஆம்பியரில் தொடங்குவது ஏன்?
– கருவியியல் மாணவி

குழாயில் ஓடும் திரவமோ வாயுவோ உணரியை நேரடியாகத் தொடுவதில்லை. மெல்லிய உலோகத் தகடான டயாஃப்ரம் ஒன்று அதைத் தடுத்து நிற்கிறது. தகட்டின் மறுபுறத்தில் காற்றுக் குமிழி சிறிதும் இல்லாமல் அடைத்து மூடப்பட்ட எண்ணெய், பெரும்பாலும் சிலிகான் எண்ணெய், அழுத்தத்தை உணரியிடம் கொண்டு சேர்க்கிறது. மின்தேக்க வகை உணரியில், நடுவிலுள்ள உணர்தகடு இரண்டு நிலையான தகடுகளுக்கு இடையே இருக்கும். அழுத்தம் ஒருபுறம் கூடும்போது அது மறுபுறம் வளைந்து, ஒரு பக்கத்தின் மின்தேக்கத்தைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்கிறது. முழு அழுத்தத்திலும் இந்த வளைவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

மற்றொரு வகை சிலிக்கான் சில்லைக் கொண்டது. சிலிக்கானும் ஜெர்மானியமும் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது அவற்றின் மின்தடை பெரிதும் மாறுகிறது என்பதை 1954-இல் சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். அந்தப் பண்பைப் பயன்படுத்தி, சில்லின் மேல் நான்கு தடைகளை வீட்ஸ்டோன் பிரிட்ஜாக அமைக்கிறார்கள். சில் வளையும்போது இரண்டு தடைகள் கூடுகின்றன, இரண்டு குறைகின்றன, பிரிட்ஜின் சமநிலை குலைந்து மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் இந்தத் தடைகள் வெப்பத்தாலும் மாறும். ஆகவே உள்ளேயே ஒரு வெப்ப உணரியும் வைக்கப்படுகிறது. தொழிற்சாலையில் பல வெப்பநிலைகளிலும் பல அழுத்தங்களிலும் சோதித்துப் பெற்ற திருத்த எண்கள் நினைவகத்தில் பதியப்படுகின்றன. உள்ளிருக்கும் நுண்செயலி, உணரி தரும் அளவை இந்த எண்களைக் கொண்டு திருத்தி அழுத்தமாகக் கணக்கிட்டு, அதற்கேற்ற மின்னோட்டத்தை வெளியீட்டுப் பகுதிவழி லூப்பில், அதாவது டிரான்ஸ்மிட்டரையும் மின்வழங்கியையும் கண்ட்ரோல் ரூமையும் இணைக்கும் மின்சுற்றில், ஓடச் செய்கிறது.

இனி 4 மில்லி ஆம்பியருக்கு வருவோம். அளவீட்டின் கீழ்முனைக்கு 4, மேல்முனைக்கு 20 மில்லி ஆம்பியர் என்பதே வழக்கம். இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாக மின்சாரம் கிடையாது. வழக்கமாக 24 வோல்ட் தரும் அதே இரண்டு கம்பிகளில்தான் அதன் உணவும் வருகிறது, செய்தியும் போகிறது. அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போதும் உள்சுற்று உயிருடன் இருக்க ஓரளவு மின்னோட்டம் தேவை. அதைவிட முக்கியமான காரணம், கம்பி அறுந்தால் லூப்பில் 0 மில்லி ஆம்பியர் வரும் என்பது. அழுத்தம் இல்லை என்பதையும் கம்பி இல்லை என்பதையும் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஆலைத் தானியங்கிக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் கூட்டமைப்பான நாமூரின் என்.ஈ. 43 பரிந்துரை இதை இன்னும் துல்லியமாக்குகிறது: 3.8 முதல் 20.5 மில்லி ஆம்பியர் வரை அளவீடு என்றும், 3.6-உம் அதற்குக் கீழும், 21-உம் அதற்கு மேலும் கருவிக் கோளாறு என்றும் அது வகுத்திருக்கிறது. மின்னணுக் கருவிகளுக்கு முன் காற்றழுத்தத்தால் இயங்கிய கருவிகளும் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை இதே ஒன்றுக்கு ஐந்து விகிதத்தில்தான் செய்தி அனுப்பின.

கேள்வி: கேஜ், அப்சல்யூட் என இரு வகை டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன. இரண்டும் பாரில்தான் காட்டுகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்தலாமா?
– பராமரிப்புப் பிரிவு ஊழியர்

கூடாது. கேஜ் வகை, வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொள்கிறது. அப்சல்யூட் வகையின் பூஜ்யம் முழு வெற்றிடம். ஆகவே இரண்டையும் மேசைமேல் திறந்து வைத்தால் முதலாவது 0 காட்டும், இரண்டாவது கடல்மட்டத்தில் ஏறக்குறைய 1.013 பார் காட்டும். அந்த 1.013-ஐப் பிழை என்று எண்ணி ஜீரோ டிரிம் செய்வதுதான், அதாவது கருவி அதையே பூஜ்யமாகக் கொள்ளும்படி திருத்துவதுதான், இதில் அடிக்கடி நேரும் விபரீதம். அப்படிச் செய்தால், வெற்றிடக் கலனில் பொருத்தப்பட்ட அந்தக் கருவி அதன்பின் ஒவ்வொரு அளவிலும் ஒரு பாருக்கு மேல் குறைத்துச் சொல்லும். அப்சல்யூட் கருவிக்கு ஜீரோ டிரிம் செய்ய வெற்றிட பம்ப்பும், எவ்வளவு வெற்றிடம் கிடைத்தது என்று காட்டும் நம்பகமான அளவியும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் அதன் ஜீரோவைத் தொடாமல் விடுவதே சரி.

கேள்வி: ஒரு டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்சை 0–10 பாரிலிருந்து 0–6 பாருக்கு ஹார்ட் கம்யூனிகேட்டர் என்னும் கைக்கருவி மூலம் மாற்றினோம். அத்துடன் காலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தம், முடிந்துவிட்டது என்கிறார் எங்கள் மூத்தவர். ஆனால் கம்யூனிகேட்டரில் 3.00 பார் என்று தெரியும்போது கண்ட்ரோல் ரூமில் 5 பார் காட்டுகிறது. அழுத்தம் இல்லாதபோது இரண்டும் 0 காட்டுகின்றன. ஸ்பான் கெட்டுவிட்டதா? எதை டிரிம் செய்ய வேண்டும், ஐயா?
– இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்

எதையும் டிரிம் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள எண்களின்படி கருவி சரியாகவே வேலை செய்கிறது. 0–6 பார் ரேஞ்சில் 3 பார் என்பது சரிபாதி. ஆகவே அது 12 மில்லி ஆம்பியர் அனுப்புகிறது. கண்ட்ரோல் ரூமில் அந்தச் சேனலின் ஸ்கேல் இன்னும் 0–10 என்றே இருப்பதால், அது 12 மில்லி ஆம்பியரைப் பாதியாகக் கொண்டு 5 பார் என்று எழுதுகிறது. இரு ரேஞ்சுகளுக்கும் தொடக்கம் 0 என்பதால் அங்கே மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதுவே ஸ்பான், அதாவது ரேஞ்சின் இரு முனைகளுக்கு இடையிலான அளவு, கெட்டதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. கண்ட்ரோல் ரூம் ஸ்கேலை 0–6 என்று மாற்றுங்கள், போதும். அந்தச் சேனலில் அலாரமோ, இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் டிரிப்போ சதவீதத்தில் அமைக்கப்பட்டிருந்தால் அவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

இந்த இடத்தில் யாரேனும் அவசரப்பட்டு, கண்ட்ரோல் ரூமில் 3 என்று தெரியும்வரை அவுட்புட் டிரிம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 12 மில்லி ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் 8.8 வரும்படி வெளியீட்டுப் பகுதி வளைக்கப்பட்டிருக்கும். திரையில் எண் சரியாகத் தெரியும். ஆனால் கருவி, தான் 12 அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே 8.8 அனுப்பும். பின்னொரு நாளில் ஸ்கேலைச் சரிசெய்பவர் காரணம் புரியாமல் தவிப்பார்.

டிரான்ஸ்மிட்டரை ஒரே பெட்டியாக நினைக்காமல் அடுத்தடுத்த மூன்று பகுதிகளாகப் பார்க்க வேண்டும். முதலாவது, உணரி தரும் குறியை அழுத்தமாக மாற்றும் பகுதி; இரண்டாவது, அந்த அழுத்தத்தை அமைக்கப்பட்ட ரேஞ்சுடன் ஒப்பிட்டு இத்தனை மில்லி ஆம்பியர் அனுப்ப வேண்டும் என்று கணக்கிடும் பகுதி; மூன்றாவது, அந்தக் கணக்கை உண்மையான மின்னோட்டமாக்கும் பகுதி. முதல் பகுதியைத் திருத்துவது சென்சார் டிரிம், மூன்றாவதைத் திருத்துவது அவுட்புட் டிரிம். நடுவிலுள்ள ரேஞ்ச் வெறும் அமைப்பு மட்டுமே. எந்த அழுத்தத்துக்கு 4, எந்த அழுத்தத்துக்கு 20 என்று சொல்வதால் அளவீட்டின் துல்லியம் சிறிதும் கூடுவதில்லை. எனவே ரேஞ்சை மாற்றியதால் காலிபரேஷன் முடிந்தது என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலாது.

பிழை எங்கே என்று அறிய, ஒரே நேரத்தில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நம்பகமான அளவி காட்டும் உண்மை அழுத்தம், கம்யூனிகேட்டர் காட்டும் அழுத்தம், கருவி தான் அனுப்புவதாகக் கம்யூனிகேட்டரில் சொல்லும் மில்லி ஆம்பியர், லூப்பில் மல்டிமீட்டர் காட்டும் மில்லி ஆம்பியர். முதல் இரண்டும் வேறுபட்டால் சென்சார் டிரிம் தேவை. கடைசி இரண்டும் வேறுபட்டால், மல்டிமீட்டரின் துல்லியத்தை உறுதிசெய்துகொண்ட பின், அவுட்புட் டிரிம் தேவை. இரு ஜோடிகளும் ஒத்திருந்து திரை மட்டும் மாறிக் காட்டினால், ஸ்கேலையும், கண்ட்ரோல் ரூமில் லூப் மின்னோட்டத்தை வாங்கும் இன்புட் கார்டையும் பாருங்கள். லூப்பைப் பிரிக்க முடியாவிட்டால் லூப்பில் உள்ள 250 ஓம் தடையின் இரு முனைகளில் வோல்ட் அளக்கலாம். 12 மில்லி ஆம்பியருக்கு அங்கே சரியாக 3 வோல்ட் இருக்க வேண்டும். அந்தத் தடை ஹார்ட் தொடர்புக்கும் தேவை. மின்னோட்டத்தின் மேல் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் அலைகளாக ஏறி வரும் ஹார்ட் செய்தியை, லூப்பில் போதிய தடை இல்லையென்றால் மின்வழங்கி விழுங்கிவிடும். கம்யூனிகேட்டர் கருவியைக் கண்டுகொள்ளாது.

டிரிம் செய்துதான் ஆகவேண்டும் என்று தெரிந்தால், முறை இதுதான். உரிய அனுமதியைப் பெற்று, கட்டுப்பாட்டு லூப்பை மேனுவலில், அதாவது கையால் இயக்கும் நிலையில், வைக்கச் செய்து, அந்தக் கருவியோடு இணைந்த தானியங்கிப் பாதுகாப்பான இன்டர்லாக் எதுவும் இயங்கிவிடாதபடி ஏற்பாடு செய்துகொண்ட பிறகே வால்வைத் தொட வேண்டும். எதையும் திருத்துவதற்கு முன், ரேஞ்சின் 0, 25, 50, 75, 100 சதவீத அழுத்தங்களை ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் கொடுத்து, 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பதிவு செய்யுங்கள். கருவி இதுவரை எப்படிப் பொய் சொல்லிவந்தது என்பதற்கு அந்தப் பதிவு ஒன்றே சாட்சி. திருத்திய பின் அதை மீட்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே புள்ளியில் வெவ்வேறு அளவு வந்தால் டிரிம் செய்து அதைப் போக்க முடியாது; டயாஃப்ரம் பழுதா, இணைப்பில் கசிவா என்று பார்க்க வேண்டும்.

பல கருவிகளுக்கு ஜீரோ டிரிம் மட்டுமே போதுமானது. எண்ணெயின் எடை கருவி நிற்கும் சாய்வுக்கேற்ப டயாஃப்ரத்தை அழுத்துவதால், மேசையில் சரியாக இருந்த ஜீரோ குழாயில் பொருத்தியதும் சற்று நகரும். சில நூறு மில்லிமீட்டர் நீர் அளவே ரேஞ்ச் கொண்ட கருவிகளில் இது கண்ணுக்குத் தெரியும் பிழை. ஆகவே பொருத்திய இடத்திலேயே ஜீரோ டிரிம் செய்ய வேண்டும். மேல்முனை சென்சார் டிரிம் அப்படியல்ல. உங்களிடம் உள்ள அழுத்த அளவி, டிரான்ஸ்மிட்டரைவிடக் குறைந்தது நான்கு மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நெறி. அந்தத் தரத்தில் அளவி இல்லாமல் மேல்முனையை டிரிம் செய்வது, தொழிற்சாலையில் செய்த நல்ல வேலையை நாமே அழிப்பதாகும்.

கேள்வி: மூடிய கலனில் மட்டம் அளக்கும் டி.பி. டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச், மைனஸ் 4000 முதல் மைனஸ் 1600 மில்லிமீட்டர் நீர் அளவு என்று ஆவணத்தில் இருக்கிறது. மட்டம் எப்படி மைனஸ் ஆகும்?
– புதிதாகப் பணியில் சேர்ந்த பொறியாளர்

மைனஸ் ஆவது மட்டம் அல்ல, டி.பி. எனப்படும் இரு பக்க அழுத்தங்களின் வித்தியாசம். கலனின் அடியிலுள்ள இணைப்பு, எச்.பி. (உயர் அழுத்தம்) எனப் பெயரிட்ட பக்கத்துக்கு வருகிறது. மேலே உள்ள ஆவி, எல்.பி. (தாழ் அழுத்தம்) எனப் பெயரிட்ட பக்கத்தின் குழாயில் குளிர்ந்து கண்டபடி நிரம்பாதிருக்க, அந்தக் குழாயை முன்கூட்டியே திரவத்தால் நிரப்பி வைக்கிறார்கள். இதுவே வெட் லெக். உங்கள் எண்களுக்குப் பொருந்தும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்மிட்டர் கீழ் இணைப்பின் மட்டத்தில் இருக்கிறது. வெட் லெக் 4 மீட்டர் உயரத்துக்கு நீரால் நிரம்பியிருக்கிறது. கலனிலுள்ள திரவத்தின் ஒப்படர்த்தி 0.8, அதன் உச்ச மட்டம் 3 மீட்டர். கலன் காலியாக இருக்கும்போது எச்.பி. பக்கம் 0, எல்.பி. பக்கம் 4000, வித்தியாசம் மைனஸ் 4000, அதற்கு 4 மில்லி ஆம்பியர். நிரம்பும்போது எச்.பி. பக்கம் 3000-ஐ 0.8-ஆல் பெருக்க 2400. அதில் 4000 போக மைனஸ் 1600, அதற்கு 20 மில்லி ஆம்பியர். கலனுக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் இரு பக்கமும் சமமாக விழுவதால் கணக்கில் வருவதில்லை. ஆவியின் எடையையும் நாம் விட்டுவிட்டோம். உயர் அழுத்த பாய்லர் டிரம்மில் நீராவி அடர்த்தியாக இருக்கும் என்பதால் அங்கே அப்படி விட முடியாது.

இந்த அமைப்பில் நீங்கள் கவனிக்க வேண்டியது வெட் லெக்கின் நிரப்பே. அதில் 500 மில்லிமீட்டர் நீர் கசிந்து போனால், காலிக் கலனுக்கு மைனஸ் 3500 வரும். கருவி அதை ஏறக்குறைய 21 சதவீதம், அதாவது 625 மில்லிமீட்டர் மட்டம் என்று காட்டும். கலனில் ஒன்றுமில்லாதபோதும் இருப்பதாகக் காட்டும் இந்தப் பிழையை நம்பி ஓடும் பம்ப் வறண்டு கெடும். மட்டம் காரணமின்றி மெல்ல மெல்ல ஏறுவதாகத் தோன்றினால், கருவியைத் திறக்கும் முன் வெட் லெக்கைச் சோதியுங்கள்.

கேள்வி: குழாய்க்குள் பொருத்திய துளைத்தகடான ஆரிஃபிஸ் பிளேட் வழியாகப் பாய்வு அளக்கிறோம். பாதிப் பாய்வு என்று உறுதியாகத் தெரியும் நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் காட்டுகிறது.
– ஆபரேட்டர்

வர்க்கமூலம் இரண்டு முறை எடுக்கப்படுகிறது. பாய்வு, அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருப்பதால், பாதிப் பாய்வில் டி.பி. 25 சதவீதம்தான். டிரான்ஸ்மிட்டர் அதற்கு வர்க்கமூலம் எடுத்து 50 சதவீதம் என்று 12 மில்லி ஆம்பியர் அனுப்ப, கண்ட்ரோல் ரூம் கணினி மறுபடி எடுத்து 70.7 ஆக்குகிறது. 0-விலும் 100-இலும் இரண்டும் பொருந்திவிடுவதால், இரு முனைகளை மட்டும் சோதித்தவர்கள் இதைக் காணத் தவறியிருப்பார்கள். இரண்டில் ஓரிடத்தில் நிறுத்துங்கள். எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது என்பதை லூப் ஆவணத்திலும் எழுதுங்கள்.

கேள்வி: நீராவிப் பாய்வு அளக்கும் டிரான்ஸ்மிட்டரின் மூன்று வால்வு மேனிஃபோல்டை எந்த வரிசையில் திறப்பது? வரிசை மாறினால் என்ன?
– டெக்னீஷியன்

நீராவி லைனில், அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் குழாய்கள் குளிர்ந்த நீரால் நிரம்பியிருந்தால்தான் டிரான்ஸ்மிட்டர் பிழைக்கும்; பல டிரான்ஸ்மிட்டர்களின் உணர்பகுதி 120 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேல் தாங்குவதில்லை. ஆகவே இரு குழாய்களும் நிரம்பும்வரை காத்திருங்கள், அல்லது நீரை ஊற்றி நிரப்புங்கள். எச்.பி., எல்.பி. குழாய்களை அடைக்கும் இரண்டு பிளாக் வால்வுகளும் மூடியிருக்க, முதலில் இரு பக்கங்களையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வைத் திறந்து, எச்.பி. வால்வை மெதுவாகத் திறந்தால் இரு அறைகளிலும் ஒரே அழுத்தம் ஏறும். வென்ட் திருகைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி மறுபடி இறுக்குங்கள். பிறகு ஈக்வலைசிங் வால்வை மூடிவிட்டு எல்.பி. வால்வைத் திறக்க வேண்டும். கழற்றும்போது எல்.பி.யை மூடி, ஈக்வலைசிங்கைத் திறந்து, எச்.பி.யை மூடி, கடைசியில் மெதுவாக வென்ட் செய்யுங்கள்.

மூன்று வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. அப்படி இருந்தால் எச்.பி. குழாயின் நீர் மேனிஃபோல்டு வழியே எல்.பி. பக்கம் ஓடிவிடும், அதன் பின்னாலேயே கொதிக்கும் நீராவி கருவிக்குள் வரும்.

இடையில் ஒரு நல்ல வாய்ப்பும் கிடைக்கிறது. எச்.பி. திறந்து, எல்.பி. மூடி, ஈக்வலைசிங் திறந்திருக்கும் நிலையில், லைனின் முழு அழுத்தத்தின்கீழ் வித்தியாசம் பூஜ்யமாக இருக்கிறது. வென்ட் செய்த நிலையில் பார்க்கும் ஜீரோவைவிட இந்த ஜீரோவே உண்மையான இயங்குநிலைக்கு உரியது. ஜீரோ டிரிம் செய்வதென்றால் இந்த நிலையிலேயே செய்யுங்கள். ஆனால் ஈக்வலைசிங் வால்வு முழுமையாகத் திறந்திருப்பதையும், எல்.பி. வால்வில் கசிவு இல்லாததையும் உறுதிசெய்த பின்.

கேள்வி: எங்கள் டிரான்ஸ்மிட்டர் 75 சதவீதம் வரை சரியாகக் காட்டுகிறது. அழுத்தம் அதற்கு மேல் ஏறினாலும் திரையில் எண் நகர்வதில்லை. கருவியை மாற்றியும் அதே நிலைதான்.
– மின் பராமரிப்பாளர்

கருவியை மாற்றியும் தீரவில்லை என்பதே, கோளாறு லூப்பில் இருப்பதைச் சொல்கிறது. டிரான்ஸ்மிட்டரின் இரு முனைகளுக்கிடையே குறைந்தபட்ச வோல்ட் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அது 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 24 வோல்ட் வழங்கியில் கம்பிக்கும் தடைகளுக்கும் மிஞ்சுவது 12 வோல்ட். லூப்பின் மொத்தத் தடை 750 ஓம் என்றால், அந்த 12 வோல்ட்டால் 16 மில்லி ஆம்பியர் மட்டுமே ஓட்ட முடியும். 16 என்பது 75 சதவீதம். புதிதாக ஓர் இண்டிகேட்டரோ பாதுகாப்பு பேரியரோ லூப்பில் தொடராகச் சேர்க்கப்பட்டதா, முனையில் துரு ஏறியதா, மின்வழங்கியின் வோல்ட் தளர்ந்ததா என்று பாருங்கள். கம்யூனிகேட்டரில் லூப் டெஸ்ட் என்னும் வசதியைக் கொண்டு கருவியை 20 மில்லி ஆம்பியர் அனுப்பச் சொல்லி, அப்போது அதன் முனைகளில் வோல்ட் எவ்வளவு என்று அளந்தால் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். இதற்கும் லூப் மேனுவலில் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அழுத்தமே இல்லாதபோது 4-க்கு மேல் காட்டினால், ஜீரோ டிரிம் செய்யும் முன் முனைப்பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். அபாய வாயுப் பகுதியென்றால் அதற்குரிய அனுமதியுடனும் மின்சாரத்தைத் துண்டித்தும் மட்டுமே திறக்கலாம். கேபிள் நுழைவாய் சரியாக அடைக்கப்படாத பெட்டிக்குள் ஈரம் தங்கி, இரு முனைகளுக்கிடையே கசிவு மின்னோட்டம் ஓடும். அது டிரான்ஸ்மிட்டரின் மின்னோட்டத்தோடு கூடித் திரைக்குப் போகும். உலர்த்தி, நுழைவாயை அடைத்து, மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றினால் அளவு தானே 4-க்குத் திரும்பும்.